ஜிம்முக்கு எந்த ஷூ? குதிகாலைப் பார்த்து வாங்குங்கள்

சென்னையில் எந்த ஜிம்முக்குப் போனாலும் ஸ்குவாட் (தோளில் பார்பெல் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) ரேக் பக்கம் நின்று, எடை தூக்குகிறவர்களின் காலை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். பெரும்பாலும் ரன்னிங் ஷூதான் இருக்கும். காலையில் பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ ஓடுவதற்காக வாங்கிய, அடியில் தடிமனான ஃபோம் வைத்த அதே ஷூ. எடை குறைவாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. தன் உடம்பு எடைக்கு நெருக்கமாக பார்பெல் ஏறியதும், கீழே இறங்கும்போது குதிகால் உள்பக்கம் சாய்வது பின்னால் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். குதிகால் சாய்ந்தால் முட்டியும் கூடவே உள்ளே வரும். "முட்டிய வெளிய தள்ளு, வெளிய தள்ளு" என்று மாஸ்டர் கத்துவார். எடை தூக்குகிறவரும் முடிந்தவரை தள்ளத்தான் செய்வார். அடியில் இருக்கிற ஃபோம் நிலையாக நின்றால்தானே முட்டி நிற்கும்?

இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், "ரன்னிங் ஷூ அவ்வளவு எடையைத் தாங்காது" என்பது. கணக்குப் போட்டால் அது சரியில்லை என்று தெரியும். 70 கிலோ எடையுள்ளவர் 100 கிலோ வைத்து ஸ்குவாட் செய்தால் மொத்தம் 170 கிலோ, ஒரு காலுக்கு 85. அதே ஆள் ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடம்பு எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதாவது 140 கிலோவுக்கு மேலான விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஆகவே ஷூ தாங்கும். எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். ஓடும்போது பாதம் தரையில் இருப்பது கால் நொடி அளவுதான். அதற்குள் ஃபோம் நசுங்கி, திரும்ப எழும்பி, காலை மேலே தள்ளிவிட வேண்டும். நசுங்குவதற்காகவே செய்த பொருள் அது. ஸ்குவாட்டில் மூன்று நான்கு நொடி எடை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு நேரம் அழுத்தினால் ஃபோம் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகமாக அமுங்கும். பல மாதம் ஓடித் தேய்ந்த ஷூவில் அப்படி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். மெத்தை மேல் நின்றுகொண்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கினால் கால் எப்படித் தடுமாறுமோ, அதுதான் இங்கேயும் சிறிய அளவில் நடக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. எழும்போது கால் தரையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஒரு பகுதி ஃபோமை நசுக்குவதிலேயே போய்விடும். தரையில் கிடக்கும் பாரை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்ட்டில், எடை கனமாக இருந்தால், பார் தரையை விட்டுக் கிளம்பும் அந்த முதல் அங்குலத்தில் இதை நன்றாக உணரலாம்.

ஆக, எடைப் பயிற்சிக்கான ஷூவில் முதலில் பார்க்க வேண்டியது குதிகாலின் அடிப்பகுதி. அது அமுங்கக் கூடாது, சாயக் கூடாது. நிறம், பிராண்டு, மேல்துணி எல்லாம் அதற்குப் பிறகு.

நான்கு வகை, நான்கு வேலை

கடைகளில் கிடைப்பவற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். ரன்னிங் ஷூவில் குதிகாலின் அடியில் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை ஃபோம் இருக்கும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 'டிராப்' என்பார்கள். ரன்னிங் ஷூவில் அது பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. ட்ரெட்மில்லுக்கும் ரோட்டுக்கும் இது சரி.

அடுத்தது, பளுதூக்கும் ஷூ. குதிகால் சுமார் 20 மி.மீ. உயர்ந்திருக்கும். கெட்டி பிளாஸ்டிக்கிலோ, பழைய பாணியில் மரத்திலோ செய்திருப்பார்கள். பாதத்தின் குறுக்கே ஒரு பட்டை வரும். ஸ்னாட்ச், க்ளீன் அண்ட் ஜெர்க் என்று எடையைத் தலைக்கு மேல் தூக்குகிறவர்களுக்கானது இது. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கம் போன்றவர்களின் விளையாட்டு அது. உயர்ந்த குதிகால் இருந்தால் கணுக்கால் குறைவாக மடங்கினாலும் உடம்பு நிமிர்ந்த நிலையில் ஆழமாக உட்கார முடியும். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு பர்பி, பாக்ஸ் ஜம்ப் போன்ற குதிக்கும் பயிற்சிகள் எல்லாம் செய்யக் கூடாது. அடிப்பகுதி வளையவே வளையாது, கால்தான் படாதபாடு படும்.

மூன்றாவது தட்டை சோல். கேன்வாஸ் ஷூ, டெட்லிஃப்ட் ஸ்லிப்பர் (மெல்லிய அடியுள்ள லேசான ஷூ) ஆகியவை இதில் அடங்கும். டெட்லிஃப்ட்டுக்கு இதை மிஞ்சியது கிடையாது. தரைக்கும் பாதத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, பாரைத் தூக்க வேண்டிய தூரமும் அவ்வளவு குறையும். கான்வர்ஸ் சக் டெய்லர் 1917-லிருந்து வருகிற கூடைப்பந்து ஷூதான். ஆனாலும் உலகம் முழுக்க டெட்லிஃப்ட் செய்பவர்கள் அதைத் தேடிப் போடுவது இந்தத் தட்டை ரப்பருக்காகத்தான். அவ்வளவு செலவு செய்யக்கூட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பி.டி. வகுப்புக்குப் போட்டுப்போன வெள்ளை கேன்வாஸ் ஷூ இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே ஸ்பான்ஜ் போன்ற இன்சோல் இருந்தால் அதை உருவி எடுத்துவிட்டு மெல்லிய ஒன்றைப் போட்டால் டெட்லிஃப்ட்டுக்குத் தாராளமாகப் போதும்.

நான்காவதுதான் க்ராஸ் ட்ரெய்னிங் ஷூ. எடையும் தூக்க வேண்டும், குதிக்கவும் வேண்டும், பக்கவாட்டில் நகரவும் வேண்டும், நடுவில் 400 மீட்டர் ஓடவும் வேண்டும் என்கிறவர்களுக்காக வந்தது. ரீபோக் நானோ 2011-ல் வந்தது, நைக்கி மெட்கான் 2015-ல். அதன்பிறகு அண்டர் ஆர்மர், பூமா, அடிடாஸ் எல்லாரும் இதே வகையில் இறங்கிவிட்டார்கள். குதிகால் கெட்டி, முன்பாதம் மட்டும் வளையும், டிராப் பெரும்பாலும் 2 முதல் 7 மி.மீ. வரை. இவற்றில் எதுவுமே எந்த ஒரு வேலையிலும் முதலிடம் வாங்காது. எல்லா வேலையையும் பாதுகாப்பாகச் செய்ய விடும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் நான்கைந்து விதமான பயிற்சி செய்கிற ஒருவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இதற்குள்ளும் பேதம் உண்டு. வழக்கமான மெட்கான் குதிகால் நன்றாகக் கெட்டியாக இருக்கும். புதிய மாடல்களில் அதற்காகக் குதிகாலில் பிளாஸ்டிக் தகடே வைக்கிறார்கள். ஓட்டத்துக்கு அவ்வளவு இதமாக இருக்காது. 'ஃப்ரீ மெட்கான்' என்று வருவது வேறு ஷூ. அது அதிகம் வளையும், மென்மையாகவும் இருக்கும். ஆஃபரில் பெயரைப் பாதி மட்டும் பார்த்து அதை வாங்கிவிட்டு, "குதிகால் கெட்டின்னு சொன்னாங்களே" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. பெட்டியில் உள்ள முழுப் பெயரையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

யாருக்கு எது என்றால், என் கருத்து இது. வாரத்தில் பாதிக்கு மேல் எடைப் பயிற்சி, கூடவே ஐந்து பத்து நிமிடம் ட்ரெட்மில்லில் வார்ம்-அப் என்றால் க்ராஸ் ட்ரெய்னிங் ஷூ ஒன்றே போதும். ஒரே மூச்சில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பழக்கம் இருந்தால் ஓட்டத்துக்குத் தனி ஷூ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றில் அடக்கப் பார்த்தால் முட்டியோ கெண்டைக்காலோ முனகத் தொடங்கும். ஸ்குவாட், பென்ச், டெட்லிஃப்ட் மட்டும் செய்கிறவருக்கு நானோ மெட்கான் எதுவுமே அவசியமில்லை. தட்டை ஷூ ஒன்று, தேவைப்பட்டால் பளுதூக்கும் ஷூ ஒன்று. பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி சோலின் உயரம் 5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. டெட்லிஃப்ட் ஸ்லிப்பருக்கு அனுமதி உண்டு.

உயர்ந்த குதிகால் உங்களுக்கு வேண்டுமா?

இதைக் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு காலின் பெருவிரல் சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முட்டியை நேராக முன்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் காலை ஒரு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தி மறுபடியும் பாருங்கள். குதிகால் தரையிலேயே இருக்க, முட்டி சுவரைத் தொடுகிற கடைசி தூரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. குதிகால் எழும்புகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அதன் அடியில் ஒரு காகிதத்தை வைத்து, வீட்டில் யாரையாவது இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காகிதம் வந்துவிட்டால் அந்த அளவு செல்லாது.

10 செ.மீ.க்கு மேல் வந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது, தட்டை ஷூவிலேயே ஆழமான ஸ்குவாட் வரும். ஐந்து ஆறு சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால் உயர்ந்த குதிகால் உதவும். தரையில் குந்தி உட்கார்ந்தே பழகிய வீடுகளில் பெரியவர்களுக்குக்கூட இந்த அளவு நன்றாக வரும். ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் பத்து மணி நேரம் நாற்காலியில் இருக்கும் இளைஞர்களுக்கு வராமல் போகலாம். ஆகையால் வயதை வைத்து முடிவுகட்டாமல் அளந்தே பாருங்கள். முட்டி முன்னால் போகும்போது கெண்டைக்காலில் இழுப்பு தெரிந்தால் அது தசை இறுக்கம், நீட்டுப் பயிற்சியில் மெல்ல மாறும். கணுக்காலின் முன்பக்கம் ஏதோ முட்டி நிற்பதுபோல வலித்தால் மூட்டுப் பிரச்சினையாக இருக்கலாம். ஃபிசியோவிடம் காட்டுங்கள், ஷூ வாங்கி அதைத் தீர்க்க முடியாது.

இன்னொரு சோதனை ஜிம்மில் செய்யலாம். இரண்டு குதிகாலுக்கு அடியிலும் ஆளுக்கொரு 2.5 கிலோ பிளேட்டை வைத்து, எடையில்லாத பாரோடு ஸ்குவாட் செய்து பாருங்கள். சட்டென்று ஆழம் கூடி, முதுகும் நிமிர்ந்து வந்தால் பளுதூக்கும் ஷூ உங்களுக்குப் பயன்படும். ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் அந்தப் பணத்தைச் சேமியுங்கள். இது சோதனைக்கு மட்டும்தான். பிளேட் மேல் நின்று கனமான எடை தூக்குவது ஆபத்து, பிளேட் நழுவினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ரன்னிங் ஷூவிலும்தான் 10 மி.மீ. டிராப் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. எடை ஏறியதும் அந்தக் குதிகால் ஃபோம் அமுங்கிவிடும். பெட்டியில் போட்ட அளவு காலுக்குக் கீழே இருக்காது.

கடையில் என்ன செய்ய வேண்டும்

மாலையில் போங்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நடந்தும் நின்றும் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஜிம்மில் அரை மணி நேரம் கழித்து இருக்கப்போகும் அளவும் ஏறக்குறைய அதுதான். ஜிம்முக்குப் போடுகிற சாக்ஸையே கொண்டுபோங்கள்.

அதற்கு முன், வீட்டில் பாதத்தை வரைந்து அளந்துவிடுங்கள். தரையில் காகிதம், அதன்மேல் முழு எடையும் போட்டு நிற்க வேண்டும், பென்சில் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஐந்து மி.மீ. வரை பிசகும். குதிகாலின் பின்முனையிலிருந்து மிக நீண்ட விரல் வரை அளக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு காலில் பெரியது எதுவோ அதுவே உங்கள் அளவு.

'எனக்கு எட்டாம் நம்பர்' என்பதை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடுவதுதான் அதிகம் பேர் ஏமாறுகிற இடம். நைக்கியில் ஆண்களுக்கான யூ.கே. 8 என்றால் லேபிளில் 27 செ.மீ. என்று இருக்கும். அடிடாஸில் அதே யூ.கே. 8 என்றால் 26.5 செ.மீ. ஒரே நம்பர், அரை சென்டிமீட்டர் வித்தியாசம். யூ.கே. அளவில் ஒரு முழு நம்பருக்கே சுமார் 8.5 மி.மீ.தான் வித்தியாசம் என்னும்போது அரை சென்டிமீட்டர் சின்ன விஷயமில்லை. ஷூவின் நாக்கில் ஒட்டியிருக்கும் லேபிளில் செ.மீ. அளவைப் பாருங்கள். உங்கள் பாதம் 26.4 என்றால் 26.5-ல் ஆரம்பித்து, 27-ஐயும் போட்டுப் பாருங்கள். ஆண், பெண் அளவுகளுக்கு இடையே மாற்றிப் பார்க்கும்போதும் இந்த செ.மீ. கணக்குத்தான் கை கொடுக்கும். அகலமான பாதமுள்ள பெண்கள், ஆண்கள் வரிசையில் அதே செ.மீ. அளவை எடுத்துப் பார்ப்பது நல்ல வழி. பெரும்பாலும் ஆண்கள் ஷூ செய்யும் அச்சு இன்னும் அகலமாக இருக்கும்.

அகலம் நம் ஊரில் பெரிய பிரச்சினை. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்துதான் இருக்கும். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேரின் பாதத்தை அளந்து, இந்தியர்களின் பாதம் மேலை நாட்டவருடையதைவிடப் பொதுவாக அகலமானது என்று கண்டது. மேலை நாட்டு அச்சில் செய்த ஷூ சுண்டுவிரலை நெரிப்பதற்குக் காரணம் இதுவே. இதற்கு எளிய சோதனை, ஷூவிலிருந்து இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் நிற்பது. சுண்டுவிரல் பக்கத்துச் சதை இன்சோலின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். "போடப் போட லூஸாகும்" என்பது தோல் செருப்புக்குப் பொருந்தும், க்ராஸ் ட்ரெய்னிங் ஷூவுக்குப் பொருந்தாது. பக்கவாட்டில் விரியாமல் இருப்பதற்கென்றே அதன் மேல்துணியைக் கெட்டியாக நெய்திருக்கிறார்கள்.

விரல் நுனியில் எவ்வளவு இடம் வேண்டும்? ஓடுவதற்கென்றால் 10 முதல் 12 மி.மீ. எடைப் பயிற்சிக்கு 6 முதல் 8 மி.மீ. போதும். அதற்குமேல் இருந்தால், ஒரு காலை முன்னால் வைத்து முட்டி மடக்கி இறங்கும் 'லஞ்ச்' பயிற்சி செய்யும்போது பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும்.

"அண்ணா, இது மல்டி பர்ப்பஸ்ணா, ரன்னிங், ஜிம், வாக்கிங் எல்லாத்துக்கும் போடலாம்ணா" என்று கடைத் தம்பி சொல்வார். பாண்டி பஜாரிலும் சரி, மால்களிலும் சரி, இதுதான் வழக்கமான பேச்சு. "ட்ரெய்னிங் ஷூ எந்த ரேக்ல இருக்கு தம்பி, ஹீல் கெட்டியா இருக்கறதா காட்டுங்க" என்று கேட்டால் அவரே சரியான இடத்துக்குக் கூட்டிப்போவார். எடுத்ததும் இன்சோலைத் தூக்கிவிட்டு உள்ளே குதிகால் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். இன்சோல் மென்மையாக இருக்கலாம், பரவாயில்லை. அதன் அடியில் உள்ளது விரலுக்கு அமுங்கினால் அந்த ஷூவை வைத்துவிடலாம். அப்புறம் ஷூவின் இரு முனைகளையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் ஒடிந்து மடங்கக் கூடாது. அடுத்து, கண்ணாடி மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். சோல், மேல்பகுதியைவிடக் கொஞ்சம் வெளியே விரிந்து நேராக நிற்க வேண்டும். புதிய ஷூவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பது அபூர்வமில்லை, ஒட்டும்போது நேர்கிற பிசகு. வேறு ஜோடி கேளுங்கள்.

பிறகு போட்டுக்கொண்டு, வெட்கப்படாமல் கடையிலேயே பத்து ஸ்குவாட் போடுங்கள். கடைசி முறை கீழே ஐந்து நொடி நில்லுங்கள். கூட வந்தவரிடம் போனைக் கொடுத்து, தரை மட்டத்தில் பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் எலும்பும் கெண்டைக்காலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது அதில் தெரியும். ஒற்றைக் காலில் இருபது நொடி நின்று பாருங்கள், பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு அதே போல. வெறுங்காலைவிட ஷூவில் அதிகம் தள்ளாடினால் அடிப்பகுதி மென்மை என்று அர்த்தம். கடைசியாகப் பக்கவாட்டில் நாலு எட்டு வேகமாக வைத்து நிறுத்துங்கள். பாதம் சோலின் ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது.

குதிகால் மட்டும் லேசாக எழும்புகிறது, மற்றபடி எல்லாம் சரி என்றால் ஷூவை ஒதுக்க வேண்டாம். மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையில் அதே பக்கம் லேஸை நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் பிடித்துக்கொள்ளும். விரல் பக்கம் லேஸ் தளர்வாகவும், நடுப்பாதத்தில் இறுக்கமாகவும் இருக்கட்டும்.

கயிறு ஏறுகிறவர்கள் நடுப்பாதத்தின் உள்பக்கத்தில் ரப்பர் மேலேறிப் பக்கச்சுவரை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கயிறு உரசுவது அங்கேதான். வெறும் ஃபோம் என்றால் சில வாரங்களிலேயே அரித்துவிடும்.

விலையைப் பற்றி ஒன்று. பிரபல பிராண்டுகளின் புதிய மாடல் முழு விலையில் பெரும்பாலும் ₹10,000-ஐத் தாண்டும். அடுத்த எண் போட்ட மாடல் வந்ததும் முந்தைய எண்ணின் விலை கணிசமாக இறங்கும். ஒரு தலைமுறை பழைய மாடலில் குறை ஒன்றுமில்லை. டெக்கத்லானில் எடைப் பயிற்சிக்கென்று குறைந்த விலையில் வருபவற்றையும் இதே கட்டைவிரல் சோதனை வைத்துப் பாருங்கள். 'ஃபர்ஸ்ட் காப்பி' மட்டும் வேண்டவே வேண்டாம். வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே கெட்டிக் குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஸ்பான்ஜைத் திணித்திருப்பார்கள். மானம் காக்கிற ஷூ முட்டியைக் காக்காது.

பெட்டியின் எம்.ஆர்.பி. லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். மூன்று நான்கு வருடம் பழைய சரக்கு என்றால் பாதி விலைக்குத் தந்தாலும் யோசியுங்கள். காரணம் அடுத்து வருகிறது.

சென்னையின் ஈரம்

இந்த ஊரில் ஷூவைத் தேய்மானத்தைவிட ஈரம்தான் சீக்கிரம் கொல்கிறது. பாலியூரித்தேன் வகை சோல் காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து உதிர ஆரம்பிக்கும். போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் நடக்கும். வருடக்கணக்கில் பத்திரமாகப் பெட்டியில் வைத்த ஷூவை எடுத்துப் போட்ட முதல் நாளே சோல் கட்டி கட்டியாகக் கொட்டுவது இதனால்தான். பளுதூக்கும் ஷூவை எப்போதாவது மட்டும் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, ஓரங்களை விரலால் நீவிப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்போ தூளோ ஒட்டினால் அதோடு எடை தூக்க வேண்டாம்.

இரண்டாவது எதிரி சூடு. மே மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ ஷூவை வைத்தால் பசை இளகும். முதலில் முன்விரல் பக்கம் சோல் வாய் பிளக்கும். சின்னப் பிளவு என்றால் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து இரு பக்கமும் சுத்தம் செய்து, பேஸ்ட் போட்டு அழுத்தி வைக்கச் சொல்லலாம். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஆனால் குதிகாலில் ஆணி அடிக்கவோ, கூடுதலாக ஒரு ஸ்பான்ஜ் அடுக்கு வைத்து ஒட்டவோ விடாதீர்கள். இரண்டு ஷூவின் உயரமும் ஒரு சில மில்லிமீட்டர் மாறிவிட்டாலும் பார்பெல் ஒரு பக்கம் சாயும்.

வியர்வையில் ஊறிய ஷூ ஏ.சி. இல்லாத வீட்டில் ஒரே இரவில் காயாது. பையிலிருந்து உடனே எடுத்து, இன்சோலைத் தனியே உருவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். நேர் வெயில் வேண்டாம், வாஷிங் மெஷினும் வேண்டாம். தினமும் போகிறவர் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் ஒன்றரை மடங்கு நாள் வரும் என்று சொல்லத் தோன்றுகிறது. கணக்கு எதுவாக இருந்தாலும் நாற்றமும் சேற்றுப்புண்ணும் குறைவது உறுதி. விரல் இடுக்கில் தோல் வெளுத்து அரித்தால் அலட்சியம் வேண்டாம். காட்டன் சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜிம்முக்குச் சீக்கிரம் காயும் செயற்கை இழை கலந்த சாக்ஸ் நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜிம் ஷூவோடு தெருவில் நடந்து வராதீர்கள். செருப்பில் வந்து உள்ளே மாற்றுங்கள். நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் எடை தூக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு, மீதி வழவழ டைல்ஸ். ஈர ரப்பர் அதில் பட்டால் வழுக்கும். சோலில் படிந்த தெருத் தூசியும் அதே வேலையைச் செய்யும். கால்களை அகல வைத்துச் செய்யும் சூமோ டெட்லிஃப்ட்டில் பாதம் வெளிப்பக்கம் நழுவுவது பெரும்பாலும் இந்தத் தூசியால்தான். தூக்குவதற்கு முன் ஈரத்துணியால் சோலைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். சில ஜிம்களில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் இருப்பது போன்ற, ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் விரிப்புகளைப் போட்டிருப்பார்கள். எவ்வளவு கெட்டியான ஷூ போட்டாலும் அதன்மேல் நின்றால் பயனில்லை. விரிப்பை நகர்த்திவிட்டுத் தரையில் நின்று செய்யுங்கள்.

வெறுங்காலோடு தூக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் தேகப்பயிற்சி சாலைகளில் வெறுங்காலோடு மண்தரையில் செய்தவைதான். டெட்லிஃப்ட்டுக்கு வெறுங்கால் நல்ல தேர்வு, ஜிம் அனுமதித்தால். சாக்ஸ் மட்டும் போட்டு டைல்ஸில் நிற்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், எந்தப் பயிற்சிக்கும் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. ஷூ போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுச் சிறு கல், மடிந்த இன்சோல் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், பயிற்சி முடிந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் பார்ப்பதும் அவர்களுக்குத் தினசரி வேலையாக இருக்க வேண்டும். அகலமான, உள்ளே தையல் உறுத்தாத ஷூவை அவர்கள் மருத்துவரைக் கேட்டு எடுப்பது நல்லது.

தட்டைப்பாதம் உள்ளவர்கள் வலி எதுவும் இல்லையென்றால் வளைவுக்கு உயரமான இன்சோல் வாங்கித் திணிக்க வேண்டியதில்லை. மென்மையான ஜெல் இன்சோலோ, இவ்வளவு நேரம் தேடி எடுத்த கெட்டிக் குதிகாலையே வீணாக்கிவிடும்.

எப்போது மாற்றுவது? ரன்னிங் ஷூவுக்குச் சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. ஜிம் ஷூவுக்குக் கிலோமீட்டர் கிடையாது. மாதம் ஒரு முறை இரண்டையும் மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால், பக்கச்சுவரில் ஒரு பக்கம் மட்டும் ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தால், இன்சோலைத் தூக்கி அழுத்தும்போது இடது வலது இரண்டும் வேறுவேறாக அமுங்கினால், எடை தூக்குவதற்கு அதன் காலம் முடிந்தது. மேல்துணி புதுசு போலவே இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த ஜோடியை நடைப்பயிற்சிக்கோ மார்க்கெட்டுக்கோ வைத்துக்கொண்டு, புதிய ஜோடியை முதல் வாரம் பாதி எடையில் மட்டும் போட்டுப் பழகுங்கள். டிராப் மாறியிருந்தால் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் அந்த அவகாசம் தேவைப்படும்.